ஸ்போர்ட்ஸ் காரில் சிலந்திவலைக் கீறல்: வராமல் கழுவுவது, வந்ததை நீக்குவது

இரவில் பெட்ரோல் பங்க்கின் வெள்ளை விளக்குக்குக் கீழே கறுப்பு நிற ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை நிறுத்தி, பானெட்டில் அந்த விளக்கின் பிம்பம் விழும் இடத்தைக் குனிந்து பாருங்கள். பிம்பத்தைச் சுற்றி வட்டவட்டமாக, சிலந்திவலை போல மெல்லிய கீறல்கள் தெரியும். உண்மையில் அவை வட்டமே இல்லை. எல்லாத் திசையிலும் கிடக்கும் நேர்க்கீறல்களில், விளக்குக்குக் குறுக்காக இருப்பவை மட்டும் ஒளியைக் கண்ணுக்குத் திருப்பி அனுப்புவதால் வட்டமாகத் தோன்றுகின்றன. தலையை நகர்த்தினால் வலையும் கூடவே நகரும். கல்லோ பைக்கோ உரசி வந்தவை அல்ல இவை. வண்டியைச் சுத்தம் செய்த கை போட்டவை.

தொழிற்சாலையில் அடிக்கும் பெயின்ட், பிரைமர், நிறம், கிளியர் கோட் எல்லாம் சேர்த்து மொத்தமே சுமார் 100 முதல் 150 மைக்ரான்தான். அதில் மேலே இருக்கும் நிறமில்லாத காப்புப் பூச்சான கிளியர் கோட் 35 முதல் 50 மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான் என்றால் கணக்குப் புரியும். பாலிஷ் என்றால் ஏதோ பூசுவது என்று நினைப்பவர்கள் அதிகம். பாலிஷ் என்பது சீவுவது. கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள கிளியர் கோட்டைச் சீவினால்தான் கீறல் மறையும். கிணறு இறைக்க இறைக்க ஊறும், கிளியர் கோட் ஊறாது. அதனால் பாலிஷ் மெஷின் வாங்குவதற்கு முன்னால் கழுவக் கற்றுக்கொள்ள வேண்டும்.

முதலில் அந்த ஈரத்துணி

அபார்ட்மென்ட்களில் தினமும் காலையில் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு பழைய துணியும் கொண்டு எல்லா வண்டியையும் துடைத்துவிட்டுப் போவார்கள். முதல் வண்டியில் எடுத்த மண் அதே வாளியில் ஊறி, உங்கள் வண்டியின் மேல் தேய்ப்புத்தாளாக வந்து இறங்குகிறது. மணல் என்பது குவார்ட்ஸ், அது கிளியர் கோட்டைவிடப் பல மடங்கு கடினம். மாதம் முந்நூறு ரூபாய் கொடுத்து வண்டியைக் கீறச் சொல்வதற்கு இது சமம். "அண்ணே, இந்த வண்டியை மட்டும் தொடாதீங்க, காசு எப்பவும்போலக் கொடுத்துடறேன்" என்று சொல்லிவிடுங்கள். இந்தக் கட்டுரையில் மிகச் சிக்கனமான யோசனை இதுதான்.

காய்ந்த தூசியை நீளக் கைப்பிடி டஸ்டரால் தட்டுவதும் இதே ரகம். தூசி படிந்த வண்டி அசிங்கமாகத் தெரியும், கெட்டுப்போகாது. அடுத்த கழுவல் வரை விட்டுவிடலாம்.

கழுவும் நாள்

வேண்டியவை: 15 முதல் 20 லிட்டர் பிடிக்கும் வாளி இரண்டு, அவற்றின் அடியில் போடும் கிரிட் கார்டு சல்லடை, வீலுக்குத் தனியாக ஒரு சின்ன வாளி, மைக்ரோஃபைபர் கையுறை இரண்டு, அமிலமோ காரமோ இல்லாத பிஎச் நியூட்ரல் ஷாம்பு, நுரை பீய்ச்சும் பாட்டிலோடு பிரஷர் வாஷர், தண்ணீர் உறிஞ்சும் பெரிய டவல் இரண்டு. பாத்திரம் விளக்கும் திரவம் வேண்டாம். அது அழுக்கோடு வாக்ஸையும் எடுத்துவிடும், ரப்பர் பீடிங்கையும் வறட்டிவிடும்.

வெயில் ஏறுவதற்கு முன் தொடங்குங்கள். புறங்கையை பானெட்டில் வைத்துப் பாருங்கள், குளிர்ச்சியாக இருக்க வேண்டும். போர்ஷே 911 போல இன்ஜின் பின்னால் இருக்கும் வண்டிகளில் பின்மூடியையும் தொட்டுப் பாருங்கள். ஓட்டி வந்து ஒரு மணி நேரம் கழித்தும் அது சுடும். சூடான தகட்டில் ஷாம்பு காய்ந்தால் படை படையாகக் கறை நிற்கும்.

வீலில் தொடங்கவும். அதிக நேரம் எடுப்பது வீல்தான். பாடியை முதலில் கழுவினால் வீல் முடிவதற்குள் பாடி காய்ந்து புள்ளி விழும். வீலைத் தேய்த்த பிரஷ், துணி, வாளி எதுவும் பாடிப் பக்கம் வரக்கூடாது, ஏனென்றால் பிரேக் தூளில் இரும்புத் துகள் இருக்கிறது.

பிறகு பிரஷர் வாஷரில் தண்ணீரை விசிறிபோல் விரித்து அடிக்கும் 40 டிகிரி நாசிலைப் போட்டு, ஒன்றரை அடி தள்ளி நின்று, மேலிருந்து கீழாக மண்ணைத் தள்ளுங்கள். கல் பட்டுப் பெயின்ட் பெயர்ந்த இடம், பெயின்டைக் காக்க மேலே ஒட்டும் பிபிஎஃப் படலத்தின் ஓரம், துணிக்கூரை, 911-இன் பின்பக்க இன்ஜின் கிரில், நடு இன்ஜின் வண்டிகளின் பக்கவாட்டுக் காற்றுத் துளைகள் ஆகிய இடங்களில் பிரஷர் தண்ணீரை நேராக அடிக்க வேண்டாம். சாதா ஹோஸ் போதும். அடுத்து நுரை. ஒரு லிட்டர் பாட்டிலில் 50 முதல் 100 மில்லி ஷாம்பு ஊற்றி, வண்டி முழுக்க அடித்து, ஐந்து நிமிடம் விட்டு, காய்வதற்குள் அலசிவிடுங்கள். கை படாமல் போகிற மண் எல்லாம் இங்கேயே போய்விட வேண்டும்.

இப்போதுதான் கை. ஒரு வாளியில் பத்து லிட்டருக்கு 20 முதல் 30 மில்லி ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணீர். கையுறையை ஷாம்பில் நனைத்து ஒரு பேனல் தேய்த்ததும், வெறும் தண்ணீர் வாளியின் சல்லடையில் உரசி மண்ணைக் கழற்றி, பிறகுதான் மறுபடி ஷாம்பு. கூரை, கண்ணாடி, பானெட், கதவின் மேல்பாதி, கடைசியில் பம்பரும் கீழ்ப்பகுதியும். தரையிலிருந்து ஓரடி உயரம் வரைக்கும் இரண்டாவது கையுறை. நேர்கோட்டில், கையுறையின் எடை மட்டும் படும்படி இழுங்கள். வட்டமாகத் தேய்க்க வேண்டாம், அழுத்தவும் வேண்டாம். கையுறை தரையில் விழுந்தால் அதன் வேலை அன்றைக்கு முடிந்தது. அலசிப் போட்டுக்கொள்ளலாம் என்று தோன்றும், செய்யாதீர்கள்.

கடைசி அலசலுக்கு ஹோஸின் நாசிலைக் கழற்றிவிட்டுத் தண்ணீரைச் சும்மா வழியவிடுங்கள். தாள்போல் ஒரே விரிப்பாக இறங்கி, முக்கால்வாசித் தண்ணீரை அதுவே இழுத்துக்கொண்டு போகும். டவலை விரித்துப் போட்டு ஒரு முனையைப் பிடித்து மெதுவாக இழுத்தால் மீதியும் போய்விடும். கண்ணாடி, விளக்கு, பேட்ஜ், பெட்ரோல் மூடி இடுக்குகளில் ஒரு சின்ன புளோயர் பிடியுங்கள். இல்லாவிட்டால் பத்து நிமிடம் கழித்துக் கண்ணாடிக்குக் கீழே ஒரு கோடு வழிந்து நிற்கும். முடித்ததும் வண்டியைத் தெருவைச் சுற்றி ஓட்டி, நாலைந்து முறை பிரேக் பிடித்துவிட்டு நிறுத்துங்கள். ஈரத்தோடு நிறுத்தினால் வார்ப்பிரும்பு டிஸ்க்கில் மறுநாளே துரு படியும்.

உப்புத் தண்ணீர்

சென்னையில் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவரின் பெரிய எதிரி வெயிலைவிட போர்வெல்தான். பல இடங்களில் போர் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்பின் அளவு, லிட்டருக்கு 1000 மில்லிகிராமைத் தாண்டுகிறது. தண்ணீர் ஆவியாகும், அதிலிருந்த சுண்ணமும் மெக்னீசியமும் வெள்ளை வளையமாகப் பெயின்டில் தங்கிவிடும். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கி உங்கள் குழாயைச் சோதியுங்கள். 300-க்கு மேல் காட்டினால் கடைசி அலசலை வேறு தண்ணீரில் செய்வது நல்லது.

வீட்டு ஆர்ஓ தண்ணீர் பத்து லிட்டரைத் தோட்டத்து ஸ்பிரேயரில் ஊற்றி அடித்தால் ஒரு கூபேக்குப் போதும். மீட்டரில் 50-க்குக் கீழே இருந்தால் சொட்டு காய்ந்தாலும் அதிகம் தெரியாது. ஆனால் ஆர்ஓ மெஷினின் கழிவுக் குழாயிலிருந்து பிடித்துவைத்த தண்ணீரில் வண்டி கழுவுகிற பழக்கம் பல வீடுகளில் உண்டு. சிக்கனம்தான், ஆனால் போரிலிருந்த உப்பையெல்லாம் பிரித்துத் தள்ளிய தண்ணீர் அது. குழாய்த் தண்ணீரைவிட மோசம். அதை வாசல் தெளிக்க வைத்துக்கொள்ளுங்கள்.

புள்ளி ஏற்கெனவே விழுந்திருந்தால், வெள்ளை வினிகரும் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரும் சம அளவு கலந்து, மைக்ரோஃபைபரை நனைத்து, நிழலில் குளிர்ந்த தகட்டின் மேல் ஒரு நிமிடம் போட்டு வைத்து, துடைத்து, உடனே அலசுங்கள். பூச்சில்லாத அலுமினியப் பாகங்களில் படக்கூடாது. அப்படியும் போகாமல் விரல்நுனிக்குச் சிறு குழிபோல் பட்டால், அது கறை இல்லை, அரிப்பு. பாலிஷ்தான் வழி. சில சமயம் அதற்கும் மசியாது.

பறவை எச்சத்தையும் தள்ளிப்போடாமல் எடுக்க வேண்டும். அமிலம் ஒரு பக்கம். மதிய வெயிலில் இளகிய கிளியர் கோட், இரவில் இறுகும்போது காய்ந்த எச்சத்தின் வடிவத்தையே பிடித்துக்கொள்வது இன்னொரு பக்கம். சுரண்டாதீர்கள். ஈர டிஷ்யூவை அதன் மேல் ஐந்து நிமிடம் போட்டு, ஊறியதும் அள்ளி எடுங்கள். ஈசிஆரில் மழைக்காலத்து மாலையில் ஓட்டினால் மூக்கெல்லாம் அப்பிக்கொள்ளும் ஈசலுக்கும் அதே ஊறவைப்பு.

ஆயுத பூஜையும் ஒரு கணக்கு. காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினால் பொட்டுக்கு அடியில் கீறல் நிச்சயம். குங்குமம் வெள்ளைப் பெயின்டிலும் பிபிஎஃப் படலத்திலும் சிவப்பாகப் பிடிக்கும். பொட்டைக் கண்ணாடியிலும் நம்பர் பிளேட்டிலும் வைத்துவிட்டால் பூஜையும் நடக்கும், பானெட்டும் தப்பிக்கும்.

தொட்டால் சொரசொரப்பு

கழுவிக் காய்ந்த பானெட்டில், கையை ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் விட்டுத் தடவுங்கள். வெறும் கைக்கு வழவழப்பாகத் தெரிந்த இடம் பைக்குள் இருக்கும் விரலுக்கு மணல்போல் தெரியும். பிரேக் தூளும் ரயில் பாதைத் தூளும் தாருமாகப் பெயின்டில் பதிந்தவை அவை. இவற்றை எடுக்காமல் பாலிஷ் போட்டால் அதே துகள் பேடில் மாட்டிக்கொண்டு புதிதாகக் கீறும்.

முதலில் அயர்ன் ரிமூவர். நிழலில் அடித்தால் இரண்டு மூன்று நிமிடத்தில் இரும்புத் துகள் இருக்கும் இடமெல்லாம் ஊதா நிறத்தில் ஒழுகும், அழுகிய முட்டை வாடை வரும். காயவிடாமல் அலசுங்கள். தார்ப் புள்ளிக்குத் தார் ரிமூவர் தனியாக உண்டு. பெட்ரோல் நனைத்த துணி பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் கெடுக்கும். கடைசியாக கிளே, அதாவது பதிந்த துகளைப் பிடித்து இழுக்கும் களிமண் போன்ற கட்டி. 50 கிராம் கிளேயைத் தட்டையாகத் தட்டி, ஷாம்புத் தண்ணீரை நிறைய அடித்து, வழுக்கலின் மேலேயே தேய்க்க வேண்டும். முதலில் கரகரவென்று இழுக்கும், பிறகு சத்தம் அடங்கும். அந்த இடம் முடிந்தது. பழுப்பு ஏறியதும் மடித்துப் புதுமுகம் எடுங்கள். கீழே விழுந்தால் குப்பைத்தொட்டிதான். கிளே எப்படிச் செய்தாலும் லேசான கீறல் விடும். எனவே பாலிஷ் போடப்போகிற போது மட்டும் செய்யுங்கள். மேட் பெயின்ட் வண்டி என்றால் கிளேயும் வேண்டாம், பாலிஷும் வேண்டாம். தேய்த்த இடம் பளபளத்துவிடும், அதைத் திரும்ப மேட் ஆக்க முடியாது.

பாலிஷ் மெஷின்

தெருவோரக் கடையில் தள்ளாடாமல் ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி மெஷினில் கம்பளி பேடைப் போட்டு "ரப்பிங் பாலிஷ்" செய்தால் வண்டி அன்றைக்குக் கண்ணாடிபோல் இருக்கும். நாலு கழுவல் கழித்து வெயிலில் பார்த்தால் பழைய கீறலோடு, மெஷின் போன தடமும் நிழல் நிழலாக அசையும். எண்ணெயும் வாக்ஸும் கீறலை நிரப்பி மறைத்திருந்தன, அவ்வளவுதான். அந்த நிழல் தடத்துக்கு ஹோலோகிராம் என்று பெயர்.

கற்றுக்கொள்பவருக்கு ஏற்றது டூயல் ஆக்ஷன், அதாவது டிஏ மெஷின். சுழன்றுகொண்டே தள்ளாடுவதால் ஒரே இடத்தில் சூடு ஏறுவது குறைவு. தள்ளாட்டத்தில் 15 மில்லிமீட்டர் வீச்சு, 5 அங்குல பேடு என்பது நல்ல தொடக்கம். ஸ்போர்ட்ஸ் காரின் உடம்பில் சமதளம் குறைவு, வளைவும் மடிப்பும் அதிகம். எனவே 3 அங்குல பேடும் வேண்டும். 21 மில்லிமீட்டர் மெஷின் பெரிய எஸ்யூவியின் கூரைக்குச் சுகம், 911-இன் பின்சக்கரத்தைச் சுற்றிப் புடைக்கும் பின்தொடை வளைவில் அல்ல.

பெயின்ட் தடிமன் மீட்டர் இல்லாமல் மெஷினை ஆன் செய்யாதீர்கள். பல ஸ்போர்ட்ஸ் கார்களில் பானெட்டும் கதவும் அலுமினியம். இரும்பையும் அலுமினியத்தையும் இரண்டையுமே அளக்கும் மீட்டராக வாங்குங்கள். பிளாஸ்டிக் பம்பரில் அது வேலை செய்யாது. ஷெவர்லே கார்வெட்டின் பாடி 1953 முதலே கண்ணாடியிழை, கலவைப் பொருள் வகைதான். அதற்கு அல்ட்ராசோனிக் மீட்டர் வேண்டும். ஒவ்வொரு பேனலிலும் ஐந்தாறு இடத்தில் அளந்து எழுதுங்கள். 100 முதல் 150 என்றால் ஒரிஜினல். 200-ஐத் தாண்டினால் அந்தப் பேனல் மறுபடி பெயின்ட் ஆகியிருக்கலாம், பழைய வண்டி வாங்கும்போது இது தனி லாபம். 80-க்குக் கீழே என்றால் அந்தப் பேனலை விட்டுவிடுங்கள். கீறலோடு வாழலாம், கிளியர் கோட் இல்லாமல் வாழ முடியாது.

மடிப்பு முனைகளில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். பெயின்ட் காயும்போது முனையிலிருந்து வழிந்து விலகுவதால் அங்கே எப்போதும் மெலிசு. மெஷினால் எரிவது பெரும்பாலும் அங்கேதான். ரப்பர், மேட் பிளாஸ்டிக் மேலும் டேப். பாலிஷ் பட்டால் வெள்ளையாகக் காய்ந்து இடுக்கில் மாட்டிக்கொள்ளும்.

முழு வண்டிக்கும் முன்னால் பானெட்டில் ஒரு மூலை, 45 சென்டிமீட்டர் சதுரம், சோதனைக் களம். மெத்தென்ற பேடு, மெல்லிய ஃபினிஷிங் பாலிஷ் என்று சாதுவானதிலேயே தொடங்குங்கள். அதில் போகவில்லை என்றால் மட்டும் பேடை மாற்றுங்கள், பிறகு பாலிஷை மாற்றுங்கள். மாஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற ஜப்பானிய வண்டிகளின் கிளியர் கோட் பொதுவாக மெத்தென்றிருக்கும், சீக்கிரம் கீறும், சீக்கிரம் சரியாகவும் ஆகும். ஜெர்மன் வண்டிகளில் பெரும்பாலும் இரண்டுமே தாமதம்.

புது பேடில் முதல் தடவை பாலிஷை மெல்லியதாக எங்கும் பரப்பி ஊற வையுங்கள். அதன்பின் ஒவ்வொரு சதுரத்துக்கும் பட்டாணி அளவில் மூன்று நான்கு சொட்டு போதும். வேகம் 1-இல் பரப்பி, 4 அல்லது 5-க்கு ஏற்றுங்கள். கை நகர்வது வினாடிக்கு 2 முதல் 3 சென்டிமீட்டர். அவ்வளவு மெதுவா என்று தோன்றும், அவ்வளவு மெதுவாகத்தான். இடவலமாக ஒரு முறை, மேல்கீழாக ஒரு முறை, ஒவ்வொரு தடமும் முந்தையதில் பாதியை மூடும்படி, மொத்தம் நான்கு முதல் ஆறு நடை. அழுத்தம் எவ்வளவு என்று சொல்லிப் புரியாது. எடை பார்க்கும் மெஷினில் பாலிஷரை வைத்து அழுத்திப் பாருங்கள், 5 முதல் 7 கிலோ காட்டும் அந்தக் கை நினைவில் இருக்கட்டும். பேடு பிடிக்கும் தட்டின் விளிம்பில் மார்க்கரால் ஒரு கறுப்புக் கோடு போட்டுவையுங்கள். ஓடும்போது கோடு சுழல்வது தெரிய வேண்டும். கோடு நின்று நடுங்கினால் பேடு சுழலவில்லை, அழுத்தம் அதிகம் அல்லது சாய்த்துப் பிடித்திருக்கிறீர்கள்.

ஒரு சதுரம் முடிந்ததும் பேடை பிரஷால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். சீவிய பெயின்ட் பேடில் சேர்ந்தால் வெட்டும் திறன் குறையும், புகைபோல் மங்கலும் விழும். மங்கல் விழுந்தால் முதலில் புது பேடு, பிறகு மெத்தென்ற பேடு. நம் ஊர் வெப்பத்தில் பாலிஷ் சீக்கிரம் காய்ந்து மாவாய்ப் பறக்கும். சொட்டைக் கூட்டுவதைவிட பேடில் டிஸ்டில்ட் வாட்டர் ஒரு ஸ்பிரே அடிப்பது மேல். தகடு இளஞ்சூடாக இருக்கலாம், கையை எடுக்க வைக்கும் சூடு கூடாது. பிளாஸ்டிக் பம்பரும் கார்வெட் பாடியும் உலோகம்போல் சூட்டைப் பரப்பாது, அங்கே வேகத்தையும் நடையையும் குறையுங்கள்.

பிறகு ஐசோபுரோபில் ஆல்கஹாலை 15 முதல் 20 சதவீதமாக டிஸ்டில்ட் வாட்டரில் கலந்து துடைத்து, கைவிளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். எண்ணெய் போன பிறகு தெரிவதுதான் உண்மையான முகம். மீட்டரிலும் அளங்கள். ஒன்றிரண்டு மைக்ரான் குறைந்திருந்தால் சரியான கை. சுமார் எண்பது சதவீதக் கீறல் போனதும் நிறுத்துவதே நல்ல புத்தி. மிச்சமிருக்கும் ஆழமான ஒன்றிரண்டுக்காக மொத்தப் பானெட்டையும் சீவ வேண்டாம்.

மேலே என்ன பூசுவது

பனை வகை ஒன்றின் மெழுகான கார்னாபா வாக்ஸ் நம் வெயிலில் ஒரு மாதம், ஒன்றரை மாதம் தாங்கும். செயற்கை சீலன்ட் நாலைந்து மாதம். செராமிக் கோட்டிங் பராமரித்தால் இரண்டு ஆண்டும் அதற்கு மேலும். விளம்பரத்தில் வரும் 9எச் என்பது பென்சிலால் கீறிப் பார்க்கும் சோதனைக் கணக்கு, வைரத்தோடு ஒப்பிடும் மோஸ் அளவு இல்லை. செராமிக் கல்லடியைத் தடுக்காது, ஈரத்துணிக் கீறலையும் தடுக்காது. அழுக்கு ஒட்டாமல் எளிதாகக் கழன்று போகும், ரசாயனத்தைத் தாங்கும். கல்லடிக்கு 150 முதல் 200 மைக்ரான் பாலியூரிதேன் படலமான பிபிஎஃப்தான். முன்பம்பர், பானெட், கதவுக்குக் கீழ்ப்பட்டை, அதோடு பின்சக்கரத்துக்கு முன்னால் விரியும் தொடை. அகலமான முன்டயர் கல்லைத் தூக்கி அங்கேதான் அடிக்கும்.

செராமிக்கைக் கையால் பூசும்போது 60 சென்டிமீட்டர் சதுரமாக எடுத்துக்கொண்டு, குறுக்கும் நெடுக்கும் தடவி, வானவில் நிறம் தோன்றியதும் குட்டை முடி மைக்ரோஃபைபரால் சமன் செய்யுங்கள். பாட்டிலில் இரண்டு மூன்று நிமிடம் என்று எழுதியிருக்கும். மே மாதத்துச் சென்னையில் ஒரு நிமிடத்துக்குள்ளேயே வந்துவிடும், எனவே கடிகாரத்தைப் பார்க்காமல் நிறத்தைப் பாருங்கள். தவறவிட்டால் எண்ணெய்ப் பிசுக்குபோல் கருந்திட்டு நிற்கும். சூட்டோடு சூடாக அதே திரவத்தில் ஒரு சொட்டு தடவித் துடைத்தால் இளகும், மறுநாள் என்றால் பாலிஷ்தான். 24 மணி நேரம் தண்ணீர் படக்கூடாது, ஒரு வாரம் ஷாம்பு கூடாது. துடைத்த துணிகளைத் தூக்கிப் போடுங்கள். அவற்றில் காய்ந்த சிலிக்கா கண்ணாடித் தூளுக்குச் சமம்.

மீதி இடங்கள்

வீலுக்கு அமில கிளீனர் வேண்டாம். முகத்தைக் கடைந்து பளபளப்பாக்கிய டயமண்ட் கட் வீலின் லாக்கர் பூச்சுக்கு அடியில் வெள்ளைப் புழுபோல் அரிப்பு ஓடும். டயருக்குத் தண்ணீர் அடிப்படையிலான டிரெஸ்ஸிங் தடவி, பத்து நிமிடம் கழித்து மிச்சத்தைத் துடையுங்கள். இல்லையென்றால் முதல் கிலோமீட்டரிலேயே கதவெல்லாம் தெறிக்கும். தரையைத் தொடும் பகுதியில் படவே கூடாது.

தண்ணீரால் குளிரும் போர்ஷே 911, பாக்ஸ்டர் வண்டிகளில் முன்பம்பரின் இரு பக்கத் துளைகளுக்குள் ரேடியேட்டரும் ஏசி கண்டென்சரும் இருக்கின்றன. உள்ளே போகும் இலைச் சருகு ஈரத்தோடு மக்கி அவற்றை அரிக்கும். டார்ச் அடித்துப் பார்த்து, வாக்குவம் குழாயால் மாதம் ஒருமுறை இழுத்துவிடுங்கள்.

துணிக்கூரையில் எச்சம் விழுந்தால், காயவிடாமல் ஊறவைத்து, தேய்க்காமல் அள்ளி எடுங்கள். ஈரத்தில் தேய்த்தால் இழைக்குள் இறங்கும். உள்ளே மெத்தென்ற செயற்கைத் துணியான அல்கான்டாரா சுற்றிய ஸ்டியரிங் பளபளத்தால் அது தேய்மானம் என்று நினைக்க வேண்டாம், பெரும்பாலும் கை எண்ணெய்தான். டிஸ்டில்ட் வாட்டரில் பிழிந்த துணியால் துடைத்து, பாதி காய்ந்ததும் மென்பிரஷால் நாலா திசையிலும் வாரினால் இழை எழும். லெதரும் சுத்தமாக இருந்தால் மங்கலாகத்தான் இருக்கும்.

துணிகளைத் தனியாக, மென்மையாக்கும் திரவம் சேர்க்காமல், வெதுவெதுப்பான தண்ணீரில் துவையுங்கள். அந்தத் திரவம் இழையில் படிந்து உறிஞ்சவிடாமல் செய்துவிடும். காயப்போடுவது வீட்டுக்குள் கொடியில். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் விரித்தால் சிமென்ட் மணல் ஒட்டிக்கொள்ளும், அடுத்த ஞாயிறு அதே துணிதான் பானெட்டில்.